எதிர்மனுதாரர்: கடல்

வங்காள விரிகுடாவின் மேல் புகார் கொடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அந்த மனுவை வாங்கிப் பதிவு செய்த பாவியும் ஒருவன்தான். அது நான்.

எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில் ஓர் அரசாங்க ஆபீஸில் தபால் வாங்கும் குமாஸ்தாவாக இருந்தேன். பேனாவையும் தலைவலியையும் சேர்த்தே கொடுத்த உத்தியோகம். திங்கட்கிழமை தவறாமல் திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஒரு மீனவர் வருவார். நாங்கள் வைத்த பெயர் ‘பெட்டிஷன்’. புயலில் அவருடைய ஒரே மகன் போன கட்டுமரம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவர் கடலில் கால் நனைக்கவில்லை. பேச்சு குறைந்தது, சாப்பாடும் குறைந்தது. பஸ்ஸில்கூடக் கடல் இருக்கும் பக்கம் உட்கார மாட்டார்.

முதல் மனுவில் எதிர்மனுதாரர் ‘கடல்’ என்றும், விலாசம் ‘ஊருக்குக் கிழக்கே’ என்றும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்.

“என்னங்க இது? கடல் மேல யாராச்சும் மனு குடுப்பாங்களா?”

“குத்தம் பண்ணுனது அதுதானே சார்? வேற யாரு மேல குடுக்கச் சொல்றீங்க?”

மனு என்று வந்துவிட்டால் யாருக்காவது அனுப்பியே தீர வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் வேதம். மீன் பார்க்கும் ஆபீஸுக்கு அனுப்பினேன். மீன்தான் எங்கள் பொறுப்பு, தண்ணீர் இல்லை என்று அவர்கள் வாய்க்கால் பார்க்கும் ஆபீஸுக்குத் தள்ளினார்கள். அவர்களோ, உப்புத் தண்ணீர் எங்களுடையது அல்ல என்று என் மேஜைக்கே திருப்பினார்கள். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். பெட்டிஷனுக்குப் பரம சந்தோஷம்.

“என் மனுவ இத்தனை பேரு படிச்சிருக்காங்களா சார்!”

அவ்வளவுதான், மனு வாராவாரம் நீண்டது. கடலைத் திட்டுவது குறைந்து, அதில் அவர் பையன் வர ஆரம்பித்தான். வறுத்த மீன் தலையை அம்மாவுக்குத் தெரியாமல் தின்றான். அம்பகரத்தூர் திருவிழாவில் தொலைந்துபோய், தேடிப் போனால் மிட்டாய்க் கடையில் வியாபாரம் பார்த்துக்கொண்டு நின்றான். எல்லாம் இருந்தது, கோரிக்கை மட்டும் இல்லை. ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

“மனுன்னா கடைசியில என்ன வேணும்னு எழுதணுங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?”

“தெரியலையே சார். எழுதுற அன்னிக்கு சோறு எறங்குது. அதான் எழுதுறேன்.”

“கோரிக்கை இல்லாட்டி இனிமே கையால தொட மாட்டேன்.”

சில வாரங்கள் ஆளைக் காணோம். நிம்மதியாக இருந்திருக்க வேண்டியவன், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்தார். மேலெல்லாம் மீன் வாடை. கையில் அரைப் பக்க மனு.

‘எதிர்மனுதாரரோடு சமாதானமாகப் போகிறேன். இதுவரை கொடுத்த மனுக்களை மட்டும் கிழிக்காமல் வைத்திருக்க வேண்டுகிறேன். என் மகன் அதில் இருக்கிறான்.’

“தொழிலுக்குப் போனீங்களா?”

“காலையில போனேன் சார். கரையிலயே கொஞ்ச நேரம் நின்னுட்டேன். ஆனா போயிட்டேன்.”

பழைய காகிதங்களை எரித்துவிடுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். அந்த மனுக்கட்டை மட்டும் நான் எரிக்க விடவில்லை. ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். அரசாங்கச் சொத்தைத் திருடினேன் என்பவர்கள் தாராளமாக என் மேல் மனு கொடுக்கலாம். எனக்குச் சோறு இறங்காத நாட்களில் அதில் ஒன்றை எடுத்துப் படிக்கிறேன்.