மஞ்சள் துணியில் முடிந்த ஸ்பேர் சாவி

ஒரு காலத்தில் நான் என்னைப் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைத் தவிர வேறு யாருக்கும் அந்த எண்ணம் வந்ததில்லை. இதை இப்போதாவது ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது விதைக் கம்பெனி ஒன்றில் வேலை. மேலநீலிதநல்லூரிலிருந்து கிளம்பி ஒரு நாளைக்கு நாலு ஊர், அஞ்சு ஊர் என்று கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். அதற்காகப் புதிதாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தேன். வண்டியில் ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினையெல்லாம் சாவியில்தான்.

வெளியூர் போகும்போது ஸ்பேர் சாவியை எங்கே வைப்பது? இந்த ஒரு கேள்விக்கு நான் கசக்கிய மூளையை வேலையில் கசக்கியிருந்தால் இன்றைக்கு மேனேஜராகியிருப்பேன். முதலில் அசல் சாவி கிடந்த வளையத்திலேயே ஸ்பேரையும் மாட்டினேன். (சிரிக்காதீர்கள். இரண்டும் ஒரே இடத்தில் பத்திரமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். இரண்டும் ஒன்றாகவே தொலையும் என்பது வாசுதேவநல்லூர் டீக்கடை ஒன்றில் விட்டுவிட்டு வந்து, மறுபடி தேடி ஓடியபோதுதான் தெரிந்தது.) அடுத்து வண்டியின் பக்கத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அந்தப் பெட்டியைத் திறப்பதற்கும் அதே சாவிதான் வேண்டும் என்பது உறைக்க ஒரு வாரம் ஆனது. "வீட்டுல வச்சிட்டுப் போயேம்ல" என்றாள் அம்மா. வீட்டில் தொங்குகிற சாவி கடையநல்லூரில் நிற்கிறவனுக்கு எதற்கு ஆகும்?

கடைசியில் ஒரு யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால், ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமிக்கு நேர்ந்து வைப்பார்கள். பிறகு கோயிலுக்குப் போகும்போது உண்டியலில் சேர்த்துவிடுவார்கள். அப்படி முடிந்து வைத்ததை வேற்றாள் யாரும் தொட மாட்டார்கள். யாருக்காக, எதற்காக என்று கேட்கவும் மாட்டார்கள். வேண்டுதலை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பலிக்காது என்பார்கள். இதைவிடப் பாதுகாப்பான லாக்கர் உலகத்தில் உண்டா? மஞ்சளை உரசித் துணியை நானே நனைத்தேன். சாவியோடு நிஜமாகவே ஒரு ரூபாயையும் போட்டு முடிந்து, ஹேண்டில்பாருக்குக் கீழே கட்டிவிட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைப் பார்த்திருந்தால் உங்களுக்கே எரிச்சல் வந்திருக்கும்.

இந்த இடத்தில் சுப்பையா மாமாவைச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் ஒரே தம்பி. வாசுதேவநல்லூரில் இருந்தார். என் அக்கா கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் மேலே வராமல் கீழே எங்கேயோ சின்ன எழுத்தில் வந்துவிட்டது. (அச்சாபீசில் உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுத்த புத்திசாலி யார் என்று நீங்கள் கேட்கக் கூடாது.) மாமா கல்யாணத்துக்கு வந்தார், சீர் செய்தார், சாப்பிடாமல் போய்விட்டார். அதோடு ஏழு வருசம் அக்காளும் தம்பியும் பேச்சு வார்த்தை இல்லை. அம்மா அவர் பேரை எடுக்க மாட்டாள். ஆனால் ஈரல் கெட்டு மாமா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று தெரிந்த அன்றைக்கு, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் முடிச்சு வந்து உட்கார்ந்தது.

ஒரு நாள் காலையில் மாமா வீட்டு அத்தையிடமிருந்து போன். அத்தையின் குரல் எனக்கே கேட்டது. "மதினி, இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு டாக்டர் சொல்லிட்டாக, கொண்டாந்துட்டோம். கண்ணு முழிச்சா 'அக்கா வந்துட்டாளா'ன்னுதான் கேக்காக. வந்துருங்க மதினி."

அம்மா போனைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த முடிச்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சேலையைக்கூட மாற்றவில்லை.

"ஏலே, பஸ்ஸுல போயிருவோமா?"

"பஸ்ஸு ஊரு ஊரா நின்னு போவும்மா. வண்டியில ஏறு, சட்டுன்னு கொண்டு போயிருதேன்."

சொன்னது நான்தான். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியெல்லாம் அம்மா என் தோளைப் பிடித்தபடியே வந்தாள். சங்கரன்கோவிலுக்குள் நுழைந்ததும், "எய்யா, கோயில்ட்ட செத்த நிறுத்து. தாயிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு, நேந்ததைப் போட்டுட்டு ஓடி வந்துருதேன்" என்றாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. நிறுத்தினேன். ஒரு முழம் பூ வாங்கி வரச் சொன்னாள். வாங்கிக் கொடுத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனாள்.

நான் வண்டிப் பக்கத்திலேயே நின்றேன். தண்ணீர் குடிக்கலாம் என்று பக்கத்துப் பெட்டியில் சாவியைப் போட்டுத் திருப்பினேன். திருகவில்லை. பலத்தைக் காட்டினேன். 'டக்'. பாதிச் சாவி கையில், பாதிச் சாவி பூட்டுக்குள்.

நான் பதறினேனா? பதறவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன். இப்படி ஒரு நாள் வரும் என்றுதானே ஏற்பாடு செய்து வைத்திருந்தேன்! ஹேண்டில்பாருக்குக் கீழே கையை விட்டேன். வெறும் கம்பி. குனிந்து பார்த்தேன். முடிச்சைக் காணோம்.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். முகம் அப்படித் தெளிந்திருந்தது. ஏழு வருசத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"ரெண்டையும் போட்டுட்டேம்ல."

"ரெண்டா? எந்த ரெண்டு?"

"எனக்குத் தெரியாதா? நாளாச்சு நான் அந்த முடிச்சை வண்டியில பாத்து. நீ பூ வாங்கப் போனப்ப அவுத்துக்கிட்டேன். நேந்ததைக் கேக்கக் கூடாதுன்னுதான் கேக்கலை. மாமன் மேல உனக்கு இம்புட்டு பாசம் இருக்குன்னு தெரியாமப் போச்சே, எய்யா." சொல்லிவிட்டு என் கன்னத்தைத் தடவி விரலை முத்திக்கொண்டாள்.

அதற்கு மேல் மறைக்க வழியில்லை. பாதிச் சாவியை நீட்டினேன். "அம்மா, அதுக்குள்ள வண்டிச் சாவிம்மா. யாரும் தொட மாட்டாங்கன்னு அதுல முடிஞ்சு வச்சிருந்தேன்."

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மெதுவாகக் கேட்டாள்: "அப்போ அது மாமனுக்காக இல்லையால?"



உள்ளே ஓடினேன். உண்டியல் பக்கம் நின்ற அண்ணாச்சி ஒருவரிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "வே, விழுந்தது விழுந்ததுதாம்வே. எண்ணுத அன்னைக்குத்தான் திறப்பாவ" என்றார்.

"அண்ணாச்சி, அது காணிக்கை இல்ல, சாவி."

"வெள்ளித் தகட்டுல பாம்பு உரு, தேளு உருல்லாம் செஞ்சு போடுதாவ. சாவி போடக்கூடாதா? வண்டி வேணும்னு வேண்டிப் போட்டிருக்கான்னு சாமி நெனைச்சுக்கிடும்." பிறகு என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "பஸ் ஸ்டாண்டு பக்கம் சாவி வெட்டுதவர் ஒருத்தர் இருக்காரு, போய்ப் பாரும்" என்றார்.

வண்டியை உருட்டினேன். அம்மா பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தாள். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் "பெட்ரோல் இல்லையா தம்பி?" என்று விசாரித்தார்கள். ஒருவர், "வண்டியச் சாய்ச்சுப் பாரு, அடியில கொஞ்சம் கெடக்கும்" என்று பாடமே நடத்தினார். வேர்த்து விறுவிறுத்துச் சாவிக்காரரிடம் போய்ச் சேர்ந்தோம். ஒரு பெரிய குடை, அதன் கீழ் ஒரு பெட்டி, அதற்குப் பின்னால் அவர். ஒடிந்த துண்டை வெளியே எடுத்தால்தான் பார்த்து வெட்ட முடியும் என்றார்.

"எம்புட்டு நேரமாவும்ணே?"

"பத்து நிமிசம். அவசரம்னா சொல்லுங்க, வயரைப் பிரிச்சு இப்பவே ஸ்டார்ட் பண்ணித் தாரேன்."

"புது வண்டிண்ணே, வயர்ல கை வைக்காதீங்க." (ஆமாம், இதையும் சொன்னது நான்தான்.)

பத்து நிமிசம் முடிந்தது. துண்டு வரவில்லை. ஸ்டாண்டிலிருந்து புளியங்குடி பஸ் ஒன்று வெளியே வந்து ஆளேற்ற நின்றது. அங்கே இறங்கி மாறினால் வாசுதேவநல்லூர். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏலே, வண்டி கெடக்கட்டும்ல. பஸ்ஸு நிக்கி பாரு, போயிருவோம்."

"இந்தா ஆயிரும்மா."

அந்த பஸ் போனது. துண்டு வந்தது, சாவி வெட்டினார், சேரவில்லை. மறுபடி அரத்தால் ராவினார். இன்னொரு பஸ் வந்தது. "எய்யா, போவோமால?" இந்தத் தடவை அம்மாவின் குரல் எழும்பவில்லை.

"இன்னும் ரெண்டே நிமிசம்மா."

அம்மா அந்த பஸ் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சாவி ஒருவழியாகத் திரும்பியபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது.

வாசுதேவநல்லூரில் மாமா வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போதே சத்தம் கேட்டது. அம்மா வண்டி நிற்கும் முன்னே குதித்து ஓடினாள். அத்தை அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தான் மதினி... அரை மணி நேரம் ஆகலை... வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாகளே" என்று அழுதாள். அம்மா மாமாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, "தம்பி, வந்துட்டேம்ல, கண்ணைத் திற" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வாசலில் என் புது வண்டி வயர் வெட்டுப்படாமல் நின்றது. அதை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது. நான் அழுதேன். மாமாவுக்காக அழுதேனா, என் வெட்கத்துக்காக அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று மாமா மகள் செல்வி, "ஏன் அத்தை அன்னைக்கு அம்புட்டு நேரமாச்சு?" என்று கேட்டாள். "நாந்தான்ட்டி, கோயில்ல நிறுத்தச் சொன்னேன், பாவி" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. சாவி எங்கே இருந்தது, எங்கே போனது என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். பிறகு மாமா வீட்டு அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். செல்விக்கு அடக்க முடியவில்லை. அந்த வீட்டில் பதினாறு நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

இன்றைக்கு வரைக்கும் சொந்தக்காரர் வீட்டு விசேசம் எதுவானாலும், "சாமிக்கே வண்டிச் சாவி குடுத்தவன் வாரான்" என்றுதான் என்னை வரவேற்கிறார்கள். யாராவது வண்டி வாங்கினால், "ஸ்பேர் சாவியை மட்டும் இவன் கண்ணுல காட்டிராதீக" என்கிறார்கள். நானும் சளைக்காமல் நடித்தே காட்டுகிறேன். அண்ணாச்சி பேசியது மாதிரி பேசுகிறேன், வண்டி தள்ளியது மாதிரி தள்ளுகிறேன். பந்தியே விழுந்து விழுந்து சிரிக்கும். அம்மாவும் சிரிப்பாள். சிரித்து முடித்துவிட்டு ஒவ்வொரு தடவையும், "அவனைச் சொல்லாதீக, நாந்தான் கோயில்ல நிறுத்தச் சொன்னேன்" என்பாள்.

என் கதையில் அந்த இரண்டு பஸ்ஸும் கிடையாது. நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவும் சொன்னதில்லை.

போன மாசம் ஒரு வளைகாப்பு முடிந்து வீடு திரும்பியதும், இனிமேல் தாங்காது என்று வாயைத் திறந்தேன். "அம்மா, அன்னைக்கு நீ அந்த பஸ்ஸுல போவோம்னு சொன்னேல்லா..."

சேலையை மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை.

"எந்த பஸ்ஸுல?" என்றாள்.