சாவித் துவாரத்துக்குப் பின்னால் நம் குடும்பம்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு, உன் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் நலம். அங்கே நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கார் நலமில்லை.

நீ போனில் போட்ட உத்தரவை மறக்கவில்லை. மாதக் கடைசியில் நீ வரும்போது அப்பாவின் கார் ஸ்டேஷனுக்கு வந்து உன்னை ஏற்றிக்கொள்ள வேண்டும். வராவிட்டால் பழைய இரும்புக்காரர் அள்ளிக்கொண்டு போவார். நான் சும்மா சரி என்று சொல்லியிருக்கலாம். "பாத்துக்கிட்டே இரு"ன்னு சவால் வேறு விட்டேன். எனக்கு வாய்தானே எதிரி!

பழைய என்ஜின் கடைசி மூச்சை விட்டுப் பதினொரு வருஷம் ஆகிறது. மெக்கானிக் ஒரு டெலிவரி வேனின் என்ஜினைக் கொண்டுவந்து உள்ளே உட்கார வைத்தார். "வயரிங் என் வேலை இல்ல சார்"னு கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பியும் விட்டார். புது என்ஜினுக்குப் புதுச் சாவி போடலாம் என்றார்கள். நான் முடியவே முடியாது என்றேன். அப்பா கையில் முப்பது வருஷம் திரும்பிய சாவி, அக்கா. அவர் பெருவிரல் பட்ட இடம் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது.

பழைய சுவிட்சின் முதுகில் நாலு முனை. எது எதற்கு என்று எழுதியிருந்தது எப்போதோ அழிந்துபோச்சு. கடையில் இருந்ததோ ஒரே நிறத்தில் வயர், எல்லாம் சிவப்பு. முப்பத்து நாலு வருஷம் நூலகத்தில் புத்தகத்துக்குச் சீட்டு ஒட்டிய கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு வயருக்கும் ஒரு சீட்டு ஒட்டினேன். பேட்டரி, இக்னிஷன் என்றெல்லாம் எழுதினால் எனக்கு மண்டையில் நிற்காது, அதனால் உறவுமுறையை எழுதினேன். பேட்டரியிலிருந்து வருவது அம்மா. எல்லோருக்கும் அங்கிருந்துதானே போகிறது. தீப்பொறி தரும் காயிலுக்குப் போய் என்ஜினை ஓட வைப்பது அப்பா. ஸ்டார்ட்டருக்குப் போவது சித்தப்பா. எதையும் ஆரம்பித்து வைத்துவிட்டு நழுவிவிடுவார் இல்லையா? ரேடியோவும் வைப்பரும் நீ. கோபப்படாதே, பின்சீட்டில் அந்த ரேடியோவுக்காக என் தலையில் எத்தனை குட்டு குட்டியிருப்பாய்!

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சார், சித்தப்பா எங்க போறாரு?"

"ஸ்டார்ட்டருக்கு."

"குடும்பத்துல யாருக்கும் யாருக்கும் ஆகாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. ஷார்ட் ஆயிடும்."

அவர் சாப்பிடப் போன நேரத்தில் பொறுமையில்லாமல் நானே மாட்டிப் பார்த்தேன். அப்பா இடத்தில் சித்தப்பாவை மாட்டிவிட்டேன் போலிருக்கிறது. சாவியைத் திருப்பியதுமே ஸ்டார்ட்டர் கறகறன்னு சுத்த ஆரம்பிச்சுது, நிற்கவே இல்லை. கார் கியரில் வேறு இருந்ததா, குதித்துக் குதித்துக் கொடியில் காய்ந்த போர்வையையும் இழுத்துக்கொண்டு பின்கட்டுச் சுவரில் போய் முட்டியது. என் மனைவி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "ஏங்க, ரோடு அந்தப் பக்கம். இது சமையலறை"ன்னாள்.

அப்புறம் டாஷ்போர்டில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு. சார்ஜ் ஏறினால் அணையுமே, ஞாபகம் இருக்கா? அது அணையாமல் அப்பா கியர் போடமாட்டார். நாம ரெண்டு பேரும் முன்சீட்டுக்கு நடுவே தலையை நீட்டி, "தூங்கிடுச்சுப்பா, போலாம்!"னு கத்துவோம். அந்த பல்பு எரிந்துபோயிருந்தது. அந்த அளவு கடையில் இல்லை. ரெண்டு முனையையும் நேராகச் சேர்த்து முறுக்கிவிட்டேன்.

எலக்ட்ரீஷியன் திரும்பி வந்து எல்லாரையும் அவரவர் இடத்தில் மாட்டினார். ஸ்டார்ட்டர் சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை. மூன்று நாள் பார்த்தோம், பிடிக்கவே இல்லை. போதும் அக்கா. நீ சொன்னதுதான் சரி. இரும்புக்காரரை அடுத்த வார வியாழக்கிழமை வரச் சொல்லிவிட்டேன். வாடகைக் காரில் வந்து உன்னை அழைத்துக்கொள்கிறேன். நேற்று அப்பாவின் காருக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், உன்னிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

அத்தானுக்கு என் வணக்கங்கள். முழங்காலைப் பார்த்துக்கொள். நீங்கள் இருவரும் குறையொன்றும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தோற்றுப்போன உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், எலக்ட்ரீஷியன் கூப்பிட்டார். காயில் முனைக்கும் வயருக்கும் நடுவே என் சீட்டு மாட்டிக்கொண்டிருந்ததாம். "காகிதத்துல கரண்ட் எப்படி சார் போகும்?" என்று அதைப் பிய்த்து எறிந்தார். ஒரே திருப்புதான் அக்கா, பிடிச்சுக்கிச்சு! ஆனால் சாவியை வெளியே எடுத்த பிறகும் என்ஜின் நிற்கவில்லை. பல்பு இருக்க வேண்டிய இடத்தில் நான் நேராக முறுக்கியதால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்து கரண்ட் பின்பக்கமாகக் காயிலுக்கே திரும்பி வருகிறதாம். அவர் பல்பு தேடிப் போயிருக்கிறார். நான் ஸ்டியரிங் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், எழுத்து ஆடினால் மன்னித்துக்கொள். என் மனைவி ரெண்டு தடவை வந்து "நிறுத்தத் தெரியலையா?"ன்னு கேட்டாள். தெரியலைன்னு சொல்லிவிட்டேன். உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன்: பிரேக்கை அழுத்தி, டாப் கியரைப் போட்டு, கிளச்சை விட்டால் அணைந்துவிடும். எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டுத்தான் போனார். இரும்புக்காரரை நீயே போனில் கூப்பிட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடு. போன் வீட்டுக்குள் இருக்கிறது, நான் இறங்கிப் போக முடியாது. ஒரு மணி நேரமாக ஓடுகிறது அக்கா, நிறுத்த மனசு வரமாட்டேங்குது.