பின்கதவுக்கு ஒரு திரைக்கதை

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய தாய்மாமன் ராஜபாண்டி அவர்களுக்கு, நெருப்பெரிச்சலிலிருந்து அக்கா மகள் முனீஸ்வரி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் அம்மாவும் நலம். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும் என்று அம்மாவைக் கம்பெனியில் பழக்கிவிட்டிருப்பதால் உங்களிடமும் அதையே சொல்கிறேன். சென்னையில் ஒன்பது வருடமாக உதவி இயக்குநராக இருந்தும் யாருக்கும் உதவிவிடாமல் பார்த்துக்கொள்ளும் உங்கள் உடம்பு சௌக்கியமா? வாட்ஸப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால்தான் தபால்.

விஷயம் என்னவென்றால் மாமா, நான் இனிமேல் திரைக்கதை எழுதப்போவதில்லை. நீங்கள் அனுப்பிய வாய்ஸ் நோட்டுப் பாடங்களை எல்லாம் அழித்துவிட்டேன். ஒரு ஆளுக்கு ஒண்ணு வேணும், அதை ஒண்ணு மறிக்கணும், பத்து நிமிசக் குறும்படத்துக்கு அது போதும் என்று சொன்னீர்களே, அது போச்சு. ஆளாளுக்கு அவங்கவங்க வாயால பேசணும், வாயால சொல்றதைவிடச் செய்கையில காட்டணும், எல்லாம் போச்சு. ஒரு ஷாட்டில் பாதி இருந்த டீ அடுத்த ஷாட்டில் முழுசா இருந்தா மானம் போயிடும், அதுக்குப் பேரு கன்டின்யூட்டி என்று பதினோரு நிமிசம் இருமி இருமிப் பேசினீர்களே, அதை மட்டும் ரெண்டு தடவை அழித்தேன். தன் சொந்தக் கதைக்கே இன்னும் முற்றும் போடாதவர் பேச்சைக் கேட்டு எழுத உட்கார்ந்தேனே, என்னைச் சொல்லணும்.

நடந்தது இதுதான். சித்திரை மாசம் அம்மா செக்கிங் பார்க்கும் பனியன் கம்பெனியில் அயர்ன் பக்கம் கிடந்த வேஸ்ட் துணி பத்திக்கொண்டது. பின்பக்கம் ஒரு கதவு இருக்கிறது, மேலே சிவப்பில் ‘அவசர வழி’ என்று எழுதியிருக்கிறது, அம்மா மேஜையிலிருந்து ஏழே எட்டு தூரம். ஓடிப் போனால் பூட்டு. தைத்த பீஸைத் திருடிக்கொண்டு போய்விடுவார்களாம், அதனால் வருசம் முழுக்கப் பூட்டு. அம்மா தட்டின தட்டில் நடுவிரல் நகம் பெயர்ந்து வந்துவிட்டது. முன்கதவு வழியாக முந்நூறு பேர் நெருக்கியடித்து வெளியே வந்ததில் பக்கத்து லைன் ரோஸ்மேரி அக்கா, ஆறு மாசம் அப்போ, வயித்தை ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றதாம். ஊர்ப் பேரே நெருப்பெரிச்சல். நெருப்பை அவங்க அணைச்சிட்டாங்க, எரிச்சல் மட்டும் எனக்குத் தங்கிப்போச்சு. அதைத்தான் முதல் கதையா எழுதினேன். பத்துப் பக்கம், ஒரு பொம்பளை, ஒரு கதவு.

அதை அம்மா கம்பெனிக்குக் கொண்டுபோக, டீ டைமில் ரோஸ்மேரி அக்கா எல்லாருக்கும் படித்துக்காட்ட, பர்சனல் மேனேஜர் சண்முகவேல் சார் பிடுங்கிக்கொண்டு போக, எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. படிச்சதும் கதவைத் திறந்துவிடுவார் என்று நினைத்தேன். ஞாயித்துக்கிழமை அவர் பழக்கூடையோடு எங்க ஊட்டுக்கு வந்தார் (ஊடு அவர் வார்த்தை, கூடவே வந்துவிட்டது).

“ஏங்கண்ணு, இதெல்லாம் நீயே எழுதுனதா? தத்ரூபமா இருக்குது போ! நம்ம ஆளுங்களுக்கும் இப்படி வசனம் எழுதிக் குடு கண்ணு. வர்ற வியாழக்கெழம ஆடிட்டு.”

ஆடிட் என்றால் துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரன் ஆள் அனுப்பி, தொழிலாளியை நல்லா வச்சிருக்காங்களா என்று தொழிலாளியிடமே கேட்பது. போன தடவை கூப்பிட்டுக் கேட்ட நாற்பது பேரும் “எட்டு மணி நேரம்தாங்க வேலை, சந்தோசமா இருக்கறமுங்க” என்று ஒரே ராகத்தில், பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி ஒப்பித்திருக்கிறார்கள். வந்தவர் நம்பாமல் பேனாவை மூடிவிட்டாராம். இந்தத் தடவை ஆளாளுக்கு அவங்கவங்க வாயால பேசணும் என்றார் சண்முகவேல் சார். உங்க பாடம் மாமா, அப்படியே அவர் வாயில் வந்தது.

முடியாது என்று சொல்லியிருக்கணும். ஆனால் நாற்பது நிஜ மனுசங்க என் வசனத்தைப் பேசப்போறாங்க மாமா! ஒன்பது வருசத்தில் உங்களுக்கு ஒரு ஆள் கிடைக்கலை. அதோடு எனக்கு ஒரு குறும்பு புத்தியும் வந்தது. ஆடிட் அன்னைக்கு மட்டும் கதவு திறந்திருக்கும், கழட்டின பூட்டு அம்மா மேஜை டிராயருக்குள் இருக்கும். சண்முகவேல் சார் வசனத்தை மட்டும்தான் வாசிப்பார், செய்கையை வாசிக்க மாட்டார். ஆகவே அம்மா வசனத்துக்குக் கீழே பொடி எழுத்தில் எழுதினேன்: ‘பேசிக்கொண்டே டிராயரைத் திறக்கிறாள். பூட்டை எடுத்து மேஜைமேல் வைக்கிறாள்.’ அவ்வளவுதான். பார்த்தாலே ஆடிட்டருக்குப் புரிந்துவிடும், யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், தலையை ஆட்டியது.

வியாழக்கிழமை நடந்ததை ரோஸ்மேரி அக்கா எங்கள் வீட்டில் வந்து நடித்தே காட்டியது. ஆடிட்டர் நல்லாத் தமிழ் பேசுகிற சின்ன வயசுப் பெண்ணாம்.

“தீயணைப்புப் பயிற்சி எல்லாம் குடுக்கறாங்களாம்மா?”

அம்மா தலையைச் சொறிந்ததாம். “போன மாசமோ, அதுக்கு முந்தின மாசமோங்க. மணி அடிக்கவும் நான் தண்ணி பாட்டில எடுக்கத் திரும்பிப் போயி ஏச்சு வாங்குனேன், அது நல்லா ஞாபகம் இருக்கு.”

ஆடிட்டர் சிரித்துவிட்டாராம். ‘உண்மையான பதில்’ என்று எழுதிக்கொண்டாராம். பயிற்சியே நடந்ததில்லை மாமா. அந்தத் தண்ணி பாட்டில் என்னுடையது. தலைசொறிதலும் என்னுடையது. எங்கம்மா டிராயர்மேல் கையை வைத்தபடி, நகமில்லாத விரலோடு, கடைசிவரை அப்படியே இருந்ததாம். திறக்கவில்லை.

“ஏம்மா எடுத்து வைக்கல?” என்றேன்.

“ஏட்டி, எடுத்து வச்சிருந்தா கதவு தொறந்துதான் இருந்திருக்கும். மறுநாளே அந்தக் கதவு வழியா மொத ஆளா என்னத்தான வேலைய விட்டு அனுப்பிருப்பாங்க?”

“அதுக்காகப் பொய்யை அவ்வளவு நல்லாச் சொல்லணுமா?”

“நல்லா எழுதுனது யாரு?”

இதற்கு எந்தப் பாடத்தில் பதில் இருக்கிறது மாமா? ஆடிட்டில் கம்பெனி பாஸாகிவிட்டது. ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டினதும் பூட்டை எடுத்துக் கொடுத்ததும் அம்மாதான். நான் எழுதினதிலேயே நல்ல எழுத்து அந்தக் கதவைப் பூட்டிவிட்டது. இனி என் கையில் பேனா பார்த்தால் அது பரீட்சைக்குத்தான்.

அத்தை என்று ஒருத்தி எப்போதாவது வாய்த்தால் அவளுக்கு என் வணக்கத்தை எடுத்து வைத்திருக்கவும். நேரத்துக்குச் சாப்பிடவும். முருகன் உங்களுக்கு ஒரு தயாரிப்பாளரைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
திரைக்கதையைத் தலைமுழுகிய
முனீஸ்

பின்குறிப்பு: இதை ஒட்டாமல் வைத்திருந்த பத்து நாளில் சண்முகவேல் சார் மறுபடி பழக்கூடையோடு வந்தார். “தீ பத்துனா எப்படித் தப்பிக்கறதுன்னு ஒரு குறும்படம் எடுத்துப்போடலாம் கண்ணு, அடுத்த ஆடிட்டுக்கு டிவில ஓட்டலாம்” என்றார். சரி என்றேன். எல்லாக் காட்சியும் பின்கதவில்தான், திறந்த கதவு. சனிக்கிழமை சனிக்கிழமை டீ டைமில் ஒரே ஒரு ஷாட், அவர் போனில். நடுவில் பூட்டினால் கன்டின்யூட்டி போயிடும் சார் என்று பதினோரு நிமிசம் விளக்கினேன், இருமலோடு. மிரண்டுபோய், “படம் முடியற வரைக்கும் அந்தக் கதவ ஆரும் தொடப்படாது!” என்று உத்தரவு போட்டுவிட்டார். பீஸ் போகாமல் பார்க்க ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கும் ரெண்டு வசனம். பூட்டு படத்தில் வருகிற சாமான் என்பதால் என் ஸ்கூல் பையில் இருக்கிறது. அம்மா இப்போ டீக்கு அந்த வழியாத்தான் போகிறது. ஏன் என்று கேட்டால் “நடிக்கேன்ட்டி” என்கிறது.

இருபத்திமூணாவது சீன் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாடங்களை எல்லாம் மறுபடி அனுப்புங்க மாமா. முக்கியமா அந்த ஒண்ணு: ஒரு கதைக்கு முற்றும் போடாமல் ஒன்பது வருசம் ஓட்டுவது எப்படி?