சடையப்பன் பார்த்தால் தோற்கும்

ஒரு காட்டில் ஒரு கால்பந்து அணி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அது தோற்றதால்தான், இப்படி ஓர் அணி இருப்பதே அக்கம்பக்கத்துக் காடுகளுக்குத் தெரியும். கருங்குன்றம் கால்பந்துக் கழகம் என்று பெயர். கடைசியாக அது வென்றது, எதிரணி ஆற்று வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வராமலே போன அன்று. அந்த நாளுக்கு இன்றைக்கும் காடு முழுக்க விடுமுறை.

ஓர் அணி இத்தனை வருஷம் தோற்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் அல்லவா? கருங்குன்றத்தில் அந்தக் காரணத்தின் பெயர் சடையப்பன்.

சடையப்பன் ஒரு கரடி. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில், கருங்குன்றம் ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. மூன்று நிமிஷம்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்துச் சடையப்பனுக்கு முதுகு அரித்தது. எழுந்து கேலரித் தூணில் சாய்ந்து நன்றாகத் தேய்த்துக்கொண்டார். கேலரியே ஆடியது. எல்லோரும் திரும்பிக் கரடியைப் பார்த்தார்கள். மறுபடி மைதானத்தைப் பார்த்தபோது இரண்டு கோல் விழுந்திருந்தது. அந்த நேரத்தில் கோல்கீப்பர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாருக்கும் தெரியாது. பார்த்தால்தானே தெரியும்?

"சடையப்பன் பார்த்தா தோக்குது" என்று அன்றைக்கு யாரோ சொன்னார்கள். அதில் சடையப்பனுக்கு மறுபேச்சு இருக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து மைதானத்துக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தார். வராமல் இருந்துவிடலாமே என்று கேட்பீர்கள். அணியை விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார அவர் என்ன துரோகியா? மகள் கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அமைந்துவிட்டது. மண்டபத்தில் மணமேடைக்கு முதுகைக் காட்டியபடியே தாரை வார்த்துக் கொடுத்தார். மைதானம் அந்தத் திசையில்தான் இருந்தது.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. அணில் தங்கப்பாண்டி ஆட்டம் முடியும்வரை கண்ணை இறுக மூடி, வாலைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பான். காட்டுக்கோழிகள் இறக்கைக்குள் தலையைச் செருகிக்கொள்ளும். குரங்குகள் தரையைப் பார்த்து ஆயிரம்வரை எண்ணும், முடிந்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கேலரி நிரம்பி வழிந்தது. ஆட்டத்தைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

தோற்று முடிந்ததும் எல்லோரும் கழக அலுவலகத்துக் கவுண்டரில் வரிசையாக நிற்பார்கள். அங்கே தோல்விப் பொறுப்பேற்புப் படிவம் கொடுப்பார்கள். மூன்று பிரதி. தோல்விக்குத் தான் எந்த விதத்தில் காரணம் என்பதை அவரவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். செயலாளர் உடும்பு வைரவநாதன் எல்லாவற்றையும் படித்து, அந்த வாரத் தோல்விக்குக் காரணமானவர் பெயரை ஒலிபெருக்கியில் அறிவிப்பார். உடும்பு செயலாளர் நாற்காலியைப் பிடித்து இருபது வருஷம் ஆகிறது. இன்னும் பிடி தளரவில்லை.

"என்ன அண்ணே, இந்த வாரம் என்ன செஞ்சீங்க?" என்று வரிசையில் தங்கப்பாண்டி சடையப்பனிடம் கேட்பான்.

"நாப்பதாவது நிமிஷம் இடது காது லேசா மைதானத்துப் பக்கம் திரும்பிருச்சுடா. உடனே கோல்."

"நான் தும்மித் தொலைச்சேன் அண்ணே. வால் நழுவிருச்சு. ரெண்டாவது கோல் என்னுது."

"ரெண்டாவதும் என் காதுதான். அது இன்னும் நேராகலையே."

"எல்லாக் கோலையும் நீங்களே எடுத்துக்கிட்டா, நாங்க எதுக்கு வெயில்ல நிக்கிறோம்?"

ஒருமுறை விவரம் தெரியாத முயல் ஒருத்தி, 'கோல்கீப்பர் கண்ணை மூடியிருந்தார் போலத் தெரிந்தது' என்று எழுதிவிட்டாள். 'கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதவும்' என்று சிவப்பு மையில் படிவம் திரும்பி வந்தது. அடுத்த வாரம், 'புதுத் துண்டு போட்டு வந்துவிட்டேன், மன்னிக்கவும்' என்று ஒழுங்காக எழுதினாள்.

முக்கால்வாசி வாரம் ஒலிபெருக்கியில் வந்தது சடையப்பன் பெயர்தான். பெயரைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொள்வார். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்காரும். தேன் எடுக்கப் போகும் வழியில், "அதோ போறாரே, அவராலதான்" என்று கரடிக்குட்டிகள் சுட்டிக்காட்டிப் பேசும்போது நடையைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொள்வார்.

இப்படி இருக்கையில் அணியின் உரிமையாளர் புலிக்கு ஒரு யோசனை வந்தது. புலி மைதானத்துக்கு வந்ததில்லை. கடிதம் மட்டும் வரும். இந்தத் தடவை கடிதத்தோடு, தோல்விக்குக் காரணத்தை ஆராய ஒரு பூநாரையும் வந்தாள். மதிவதனி என்று பெயர். வலசை போய் நாலு நாட்டுக் கால்பந்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவள். கையில் ஒரு டேப்லெட். பத்தொன்பது வருஷத்துப் படிவங்களையும் மூன்று வாரம் ஒற்றைக் காலில் நின்று படித்தாள். பிறகு சடையப்பனைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"உக்காருங்க ஐயா. நல்ல சேதிதான்" என்றாள். "இந்தப் பத்தொம்பது வருஷத்துல ஆடுன ஆட்டம் நானூத்திப் பன்னெண்டு. நீங்க வந்தது நானூத்தி ஒண்ணு. அவ்வளவும் தோல்வி."

"தெரியும்மா" என்றார் சடையப்பன், அடக்கமாக.

"காய்ச்சல், மகளோட கல்யாணம், அது இதுன்னு நீங்க வராதது பதினொண்ணு."

"அந்தப் பதினொண்ணுல பசங்க கொஞ்சம் நல்லா ஆடியிருப்பாங்களே?"

"அதுவும் தோல்விதான். நீங்க இருந்தாலும் சராசரி ரெண்டு கோல் வாங்கறாங்க, இல்லாட்டியும் ரெண்டு கோல் வாங்கறாங்க." டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். "உங்களுக்கும் இந்த அணிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை ஐயா. நிம்மதியாப் போய், நேரா உக்காந்து ஆட்டத்தைப் பாருங்க."

சடையப்பன் திரையைப் பார்த்தார். அவர் பெயருக்கு நேரே ஒரு பூஜ்யம். வட்டமாக, கொழுகொழுவென்று, சந்தேகத்துக்கு இடமில்லாத பூஜ்யம்.

வீட்டுக்கு வந்தவர் தேனைத் தொடவில்லை. மனைவி செண்பகவல்லி இரண்டு தடவை கேட்டபிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

"அப்ப, நீங்க காரணமே இல்லையாமா?"

"இல்லையாம்."

"நல்லதுதானே? சந்தோஷப்படுங்க."

"ம்."

செண்பகவல்லி கறையான் புற்றைக் கிளறிக்கொண்டே யோசித்தாள். அவளுக்கு எதையும் கடைசிவரை யோசித்துவிடும் கெட்ட பழக்கம் உண்டு.

"ஏங்க, நீங்க போனாலும் தோக்கும், போகாட்டியும் தோக்கும்னா, பத்தொம்பது வருஷமா நீங்க அங்க எதுக்குப் போனீங்க?"

அன்றைக்குச் சடையப்பனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அணி தோற்பது பழகிப்போன வலி, எந்த இடத்தில் எப்படி வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். இது வேறு வலி. அந்தப் பூஜ்யத்தில் தன் பத்தொன்பது வருஷமும் உள்ளே போய்ச் சுருண்டு படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

கவுண்டர் மூடப்பட்டது. உடும்பு முணுமுணுத்துக்கொண்டே அறிவிப்பை ஒட்டினார்: 'தோல்விக்கு ரசிகர்கள் எவரும் காரணமல்லர் எனக் கண்டறியப்பட்டுள்ளது. இனி அனைவரும் ஆட்டத்தைப் பார்க்கலாம்.'

அந்த ஞாயிற்றுக்கிழமை எதிரணி நீலமலை. புள்ளிப்பட்டியலில் முதலிடம். எல்லா அணிக்கும் ஆறு ஏழு என்று போட்டுக்கொண்டிருந்த மிளா மான்களின் கூட்டம். கருங்குன்றத்துக் கேலரியில் தங்கப்பாண்டி வாலைக் கீழே விட்டான். கோழிகள் தலையை வெளியே எடுத்தன. சடையப்பன் மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தார்.

பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு எல்லோரும் ஆட்டத்தைப் பார்த்தார்கள்.

முன்கள ஆட்டக்காரர் மயில், கோல் போடுவதற்கு முன்னாலேயே தோகையை விரித்துக் கொண்டாடினார். கொண்டாடி முடிப்பதற்குள் பந்து போய்விட்டது. நடுக்களத்தில் ஆமை, முதல் பாதியில் கேட்ட பாஸுக்கு இரண்டாம் பாதியில் வந்து சேர்ந்தார். தற்காப்பில் முள்ளம்பன்றி தொட்ட பந்தெல்லாம் காற்றுப் போனது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கோல்கீப்பர் ஒரு தேவாங்கு. தேவாங்கு பகலில் தூங்கும் என்பது காட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு என்பதும் எல்லோருக்கும் தெரியும். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து யாரும் பார்த்ததில்லை. கம்பத்தைக் கட்டிப்பிடித்து, வாய் லேசாகத் திறந்தபடி, தேவாங்கு ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது கோல் அவர் மடியில் பட்டு உள்ளே போனது. அவர் அந்தப் பக்கமாகப் புரண்டு படுத்தார்.

ஆறுக்குப் பூஜ்யம்.

முதலில் முயல்தான் ஆரம்பித்தாள். "நான் அப்பவே எழுதிக் கொடுத்தேன்!"

கூட்டம் கொதித்துக்கொண்டு அலுவலகத்தைச் சூழ்ந்தது. "யாருடா இவனை எடுத்தது?" "பகல்ல தூங்குறவனை எவனாவது கோல்ல நிறுத்துவானா?" "செயலாளரை வெளிய வரச் சொல்லு!" உடும்பு மேஜைக்கு அடியில் போய் மேஜைக்காலைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து அவர் கண் ஒருவரை மட்டும் தேடியது.

"சடையப்பண்ணே, நீங்க சொல்லுங்க" என்றான் தங்கப்பாண்டி. "நீங்கதான் மூத்த ரசிகர். நீங்க ஒரு வார்த்தை சொன்னா இன்னைக்கே நாற்காலி காலி. பாத்தீங்கள்ல?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

பார்த்தார்தான். அவர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. 'கோல்கீப்பர் தூங்குறான்' என்று இரண்டு வார்த்தை போதும். உடும்பு போவார். விழித்திருக்கும் பிராணி ஒன்று கோலில் வந்து நிற்கும். அணி என்றைக்காவது ஜெயிக்கக்கூடச் செய்யும். அப்படி ஜெயிக்கிற அன்றைக்குக் கேலரியில் மூன்றாவது வரிசையில் ஒரு கரடி உட்கார்ந்திருக்கும். கைதட்டும். வீட்டுக்குப் போகும். அது யார் என்று எந்தக் குட்டியும் கேட்காது.

சடையப்பன் தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு கோலோட போற ஆட்டம் இன்னைக்கு ஏன் ஆறாச்சு?" என்று கேட்டார். "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் நான் திரும்பிப் பாத்தேன்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பிறகு ஒரு பெருமூச்சு. கருங்குன்றமே ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி.

"அதானே!" என்றது ஒரு குரங்கு.

"நானும் இன்னைக்கு வாலைக் கடிக்கலை" என்று தங்கப்பாண்டி அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். முடி கொட்டிப்போன வாலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினான். "அந்தத் தேவாங்குதான் காரணம்னா, இது எதுக்குய்யா இப்படி ஆச்சு?"

மதிவதனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "என்ன பேசறீங்க? நீலமலை எல்லாருக்கும் ஆறு கோல் போட்டிருக்கு! கோல்கீப்பர் இப்பக்கூட அங்க தூங்கறார், போய்ப் பாருங்க!"

"அம்மா" என்றார் சடையப்பன், மரியாதையாகத்தான். "நீங்க நாலு நாடு பாத்தவங்க. இது நம்ம ஊர் அணி. உங்களுக்குப் புரியாது."

உடும்பு மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்து தூசியைத் தட்டிக்கொண்டு கவுண்டரைத் திறந்தார். படிவங்கள் தயாராக இருந்தன. வரிசை தானாக அமைந்தது, முயல் உட்பட. மறுநாள் பூநாரைக்குப் பாராட்டு விழா நடத்தி, பொன்னாடை போர்த்தி, வலசை அனுப்பி வைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு, கடைசி இடத்துக்குக் கருங்குன்றத்தோடு போட்டிபோடும் நத்தையூர் அணியோடு ஆட்டம். சடையப்பன் முதுகைக் காட்டி, இரண்டு காதையும் கையால் பொத்தி, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நத்தையூர் இரண்டு கோல் போட்டது. கருங்குன்றம் ஒன்றும் போடவில்லை.

காடே கூத்தாடியது. போன வாரம் ஆறு, இந்த வாரம் இரண்டு! நாலு கோலைத் தடுத்த முதுகு! குரங்குகள் சடையப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டன. உடும்பு தம் கையாலேயே அவருக்கு மாலை போட்டார், முதுகுப் பக்கமாக. அதே மேடையில் தேவாங்கின் ஒப்பந்தத்தை மேலும் ஐந்து வருஷத்துக்கு நீட்டித்திருப்பதாகவும் அறிவித்தார். பலத்த கைதட்டல். கைதட்டியவர்களில் பாதிப்பேருக்கு எதற்கு என்று தெரியாது, கண்ணை மூடியிருந்தார்கள்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது செண்பகவல்லி நின்றிருந்தாள்.

"என்னங்க இது மேளதாளம்? ஜெயிச்சுட்டீங்களா?"

"தோத்தோம். ரெண்டு கோல்." சடையப்பன் மாலையைச் சரிசெய்துகொண்டார். "ஆனா ரெண்டோட நின்னது என்னாலதான்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். தெருவில் இன்னும் கத்திக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தாள். வழக்கம்போல எதையோ கடைசிவரை யோசித்தாள்.

"அடுத்த வாரம் நானும் வர்றேன்" என்றாள். "என் முதுகும் ஒண்ணும் சின்னது இல்லை."

நீதி: குற்றமற்றவன் என்று நிரூபிக்கப்பட்ட ரசிகனுக்குப் பிறகு செய்வதற்கு ஒரு வேலையும் இருக்காது, ஆகவே ஆதாரம் எதிரே வந்தால், அணியின் நலன் கருதி, முதுகைத் திருப்பிக்கொள்க.