காலை ஆறு பத்து நெரிசல்

அன்புள்ள மருமகன் அகிலனுக்கு, உன் தாய்மாமன் செல்லையா எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உன் அத்தை அமராவதியும் நலம். எங்கள் அடுக்களை நலமாக இருப்பது மட்டும் உன் கையில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவதால் தாளில் எழுதுகிறேன்.

நீ கோலாலம்பூரில் சாலைத் திட்டம் போடும் ஆபிஸில் சேர்ந்தபோது ஊர் முழுக்கப் பெருமை பேசியவன் நான். அந்த வாய்க்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் இரண்டு பேர் வந்து எங்கள் அடுக்களைச் சுவரை ஒட்டி ஒரு சிவப்பு முளையை அடித்து, பைபாஸ் இப்படித்தான் போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை, பசி இல்லை, பிரஷர் மட்டும் ஏறுகிறது. உன் அத்தை முதலில் அழுதாள், பிறகு திட்டினாள், இப்போது அந்த முளையில் கரித்துணி காயப்போடுகிறாள். "சட்டி பானையெல்லாம் நடு ரோட்டுல வெச்சா ஒங்க மருமவன் வந்து சமைப்பானா?" என்று தினமும் கேட்கிறாள். தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு வந்து இருபது வருடம் உழைத்துக் கட்டிய வீடு, அகிலா. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்னிடம் போனில் கேட்டபோது என்ன சொன்னாய்? "மாமா, கைப்பேசி எங்கெங்க இருக்குங்கிற புள்ளிய வெச்சுத்தான் மேப் போடுறோம். ஒங்க வீட்டுப் பக்கத்துல ரோட்டோரமா இருக்கிற கண்மணி ஒட்டுக்கடை முன்னால காலைல ஆறு பத்துக்கு நாப்பத்திரண்டு காடி அசையாம நிக்குது. செம ஜேம் லா. அதச் சுத்திப் போகத்தான் பைபாஸ். டேட்டா பொய் சொல்லாது." கோலா சிலாங்கூர் சாலையில் இருபத்தெட்டு வருடமாக பேக்டரி பஸ் ஓட்டுகிறேன். ஆறு பத்துக்கு அங்கே நான் பார்த்த நெரிசல் இரண்டு மாடும் ஒரு செம்பனை லோரியும்தான். சரி, படித்த பிள்ளை சொல்கிறான், நமக்குத்தான் பார்வை போய்விட்டது என்று கிளினிக்குக்குப் போய்க் கண்ணைச் சோதித்துக்கொண்டேன். கோளாறு ஒன்றும் இல்லை என்றார்கள். அதிலும் எனக்கு நிம்மதி வரவில்லை.

நீ போனில் அனுப்பிய மேப் படத்தை என் பஸ்ஸில் வேலைக்குப் போகும் நித்தியாவிடம் காட்டினேன். அவள் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையில் நெரிசலைக் காட்டும் சிவப்பே இல்லை, பேக்டரி லீவு நாளிலும் இல்லை. "அங்கிள், அது நம்ம பஸ்ஸு. நீங்க தேத்தண்ணி குடிக்க நிறுத்துவீங்கல்ல, நாங்க நாப்பத்தோரு பேரு உள்ள ஒக்காந்து போன் நோண்டிக்கிட்டு இருப்போம்" என்றாள். என்னையும் சேர்த்தால் நாற்பத்திரண்டு. ஒவ்வொரு போனையும் உன் மேப் ஒரு காடியாக எண்ணியிருக்கிறது. தினம் இருபது நிமிடமாக என் வீட்டை நானே இடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதை உன் அத்தையிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. இரண்டு மாதமாகக் கண்மணி கடைப் பக்கம் பஸ்ஸை நிறுத்துவதே இல்லை. தோட்டத்துச் சாலையில் திரும்பி உன் அம்மா வீட்டு வாசலில் நிறுத்துகிறேன். கலாவதி அக்கா தேநீரோடு இரண்டு வடையும் தருவதால் அரை மணி ஆகிவிடுகிறது. பழைய இடத்தில் இனி ஒரு புள்ளியும் இருக்காது. ஆகவே புதிதாக எண்ணிப் பார்த்து, பைபாஸ் கோட்டை எங்கே வேண்டுமானாலும் தள்ளிவிடு. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

நோய்நொடி இல்லாமல், பதவி உயர்ந்து, நல்ல பெண் அமைந்து நீ நீடூழி வாழ வேண்டும். கோடு கிழிக்கும் உன் கைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது.

இப்படிக்கு,
தாய்மாமன் செல்லையா

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது உன் அம்மா போன் செய்தாள். "அளக்க வந்தவனுங்க என் சமையக்கட்டுக்குள்ள முளை அடிக்கிறானுங்கடா! கேட்டா, காலைல என் வாசல்ல அரை மணி நேரம் ஜேமாம். புதுக் கோடு போட்டு அனுப்புனதே அகிலனாம்!" என்று கத்தினாள். அது எந்த ஜேம் என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை. புரிவதற்குள், மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, தயவுசெய்து அந்தக் கோட்டை என் அடுக்களைக்கே திருப்பிவிடு. அமராவதியை நான் சமாளித்துக்கொள்கிறேன். அக்காவை நம் இரண்டு பேராலும் முடியாது.