சிலந்திக்கு ஆறு கால்

ஆறரைக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் காய்ச்சினேன். அத்தையின் வலது கண்ணில் இரண்டு சொட்டு மருந்து விட்டேன். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு மருந்தில் ஒரு சொட்டு. இடது கண்ணுக்கு எதுவும் வேண்டாம். அது போன வருடமே போய்விட்டது. பிறகு கைப்பேசியைப் பார்த்தேன். எங்கள் குடியிருப்புக் குழுவில் நூற்று நாற்பது செய்திகள். எல்லாம் ஒரே ஆளைப் பற்றி.

"இன்னைக்கும் பத்துக்குப் பத்துதான்!"

"உள்விழியாருக்கு வாழ்த்துச் சொல்லி ஆரம்பிப்போம்!"

ஞாயிறு பத்து மணிக்கு அந்தக் குழுவுக்காக நான் வீடியோ அழைப்பில் பொது அறிவு வினாடி வினா நடத்துகிறேன். ஆரம்பித்தவள் என் மனைவி. கல்லூரியில் விலங்கியல் நடத்தினாள். பத்துக் கேள்வி, பரிசு கிடையாது. அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது. நிறுத்தினால் ஏன் என்று இருநூறு பேர் கேட்பார்கள். அதனால் நிறுத்தவில்லை.

உள்விழியார் மூன்றாவது மாடி. தனக்கு உள்விழி திறந்துவிட்டது என்று அவரே சொல்லிக்கொள்கிறார். முன்பு தண்ணீர் வடிகட்டி விற்றவர். கலங்கலைக் காட்டிப் பயமுறுத்துவது பழைய தொழிலிலேயே கைவந்தது. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஒட்டிய உறை ஒன்றைக் குடியிருப்பிலேயே இருக்கும் பல் டாக்டரிடம் கொடுப்பார். நான் பத்துக் கேள்வியும் கேட்டு முடித்ததும், டாக்டர் கேமரா முன் உறையைப் பிரிப்பார். பத்து விடையும் உள்ளே இருக்கும். கேள்வி பிறக்கும் முன்பே விடை! ஒன்பது வாரமாக இதே கதை. இவ்வளவு பெரிய சக்தியை வைத்துக்கொண்டு அவர் ஒரு நோய்க்கும் மருந்து காணவில்லை. பென்குவின் எந்தத் துருவத்தில் வாழ்கிறது என்று கண்டார். மக்கள் கைகூப்பினார்கள்.

விடையை அவருக்குச் சொல்வது யார்? அதையும் அவரே சொன்னார். "மேடம்தான் வந்து சொல்றாங்க."

மேடம் என்றால் என் மனைவி. உயிரோடு இருந்தபோது எனக்கே விடையைச் சொல்லாதவள்.

வினாடி வினா முடிந்ததும் அவர் வீட்டு வாசலில் வரிசை. தனிப்பார்வை, அரை மணி நேரம், கட்டணம் உண்டு. போன வாரம் அந்த வரிசையில் அத்தையும் நின்றார், என் மனைவியின் அம்மா. உங்கள் மகள் கடைசியில் சொல்ல வந்து சொல்லாமல் போன வார்த்தை ஒன்று இருக்கிறது என்றாராம் உள்விழியார். "அம்மா மேல கத்தி படக் கூடாது."

அத்தையின் வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை நாளை. கண்ணுக்குள் அழுத்தம். தள்ளிப்போட்டால் இதுவும் இடது கண்ணின் வழியில்தான் போகும் என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார்.

"நாளைக்கு வரலைன்னு ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடுங்க மாப்பிள்ளை" என்றார் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"டாக்டர் என்ன சொன்னாரு அத்தை?"

"டாக்டரா என் மக?"

"சரி. இன்னைக்கு வினாடி வினா முடியட்டும். அப்புறமும் வேணாம்னா சொல்லிடறேன்."

அவர் கேட்கும் இடத்தில் இல்லை. உள்விழியார் சொன்ன அந்த வார்த்தைதான் மகளின் குரலில் அவர் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குச் சந்தேகம் வந்தது மூன்று வாரத்துக்கு முன்பு. வளர்ந்த மனிதனுக்கு எத்தனை எலும்பு என்று கேட்டிருந்தேன். இருநூற்று ஆறு. விடைக் கோப்பில் கை தவறி 260 என்று அடித்துவிட்டேன். உள்விழியாரின் உறையிலும் 260. குழுவில் பாதிப் பேர் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். உறையைப் பிரித்ததும் அத்தனை பேரும் அழித்துத் திருத்தினார்கள். "நானே 206ன்னுதான் படிச்சேன். புத்தகத்தைத் திருத்தணும் போல" என்றார் பல் டாக்டர். படித்தவர்.

அன்று சாயங்காலம், அந்தக் கோப்பை யாரெல்லாம் பார்க்கலாம் என்ற பட்டியலைத் திறந்தேன். மூன்று பெயர்கள். என்னுடையது. அவளுடையது. உள்விழியாருடையது. அவள் படுக்கையில் இருந்தபோது, எழுத்துப் பிழை பார்த்துத் தருகிறேன் என்று பெரிய மனதோடு வந்திருந்தார். அவள் இணைப்பை அனுப்பினாள். மூட மறந்தோம்.

பட்டியலைக் காட்டினால் போதாது. அனுமதி இருக்கு, ஆனா அவர் பார்க்கவே மாட்டார் என்பார்கள். அத்தையும் அந்த வரிசையில் நின்ற பிறகு, நேற்றுக் காலை உட்கார்ந்து கோப்பில் பத்துத் தப்பு விடை அடித்தேன். அதையே அச்செடுத்து உறையில் ஒட்டி, கீழ்வீட்டுத் தையல்கார அக்காவிடம் கொடுத்தேன்.

"உள்ள என்ன தம்பி?"

"வெடி."

"வீட்ல வைக்கலாமா?"

"ஞாயிறு பத்து மணி வரைக்கும் வைக்கலாம்க்கா."

பத்து மணி. நூற்றெண்பது முகங்கள். அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பத்துக் கேள்வியையும் கேட்டேன். டாக்டர் உறையைப் பிரித்து, கல்யாண மேடையில் வாழ்த்து மடல் வாசிப்பதுபோல் வாசித்தார்.

"சூரியனுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற கிரகம்... வெள்ளி."

யாரோ, "புதன் இல்லையா?" என்றார்கள்.

"உடம்பிலேயே நீளமான எலும்பு... முதுகெலும்பு." டாக்டரின் குரல் இறங்கியது. "சிலந்திக்கு எத்தனை கால்... ஆறு."

"எங்க பாத்ரூம்ல ஒண்ணு இருக்கு, எண்ணிட்டு வரட்டுமா?" என்றார் தையல்கார அக்கா.

உள்விழியார் கண்ணை மூடினார். "அங்கே இன்னைக்குக் கலங்கலா இருக்கு. மேடம் வருத்தத்துல இருக்காங்க."

உடனே செய்திகள் கொட்டின. பாவம். அவருக்கும் ஓய்வு வேணும்ல. ஆறு கால் சிலந்தியும் எங்கேயாவது இருக்கும். இந்த வேகத்தில் இவர்கள் யோசித்திருந்தால் எனக்கு வேலையே இருந்திருக்காது.

"அக்கா, உங்ககிட்ட இருக்கிற உறையைப் பிரிங்க" என்றேன்.

பிரித்தார். வாசித்தார். வெள்ளி. முதுகெலும்பு. ஆறு. பத்தும் அதே பத்து, அதே வரிசை.

"பத்துத் தப்பும் நேத்து நான் யோசிச்சுப் போட்டது. அந்த ஃபைலைத் தவிர எங்கேயும் கிடையாது. மேல் உலகத்துலயும் கிடையாது. ஃபைலைத் திறக்கிற லிங்க் அவர்கிட்ட ஒரு வருஷமா இருக்கு. அதுதான் உள்விழி." பட்டியலைத் திரையில் காட்டினேன்.

"இது அவதூறு! செத்தவங்களை வச்சு விளையாடாதீங்க!" என்றார், செத்தவர்களை வைத்துச் சம்பாதித்தவர். அடுத்த நொடி அவர் கட்டம் கறுத்தது. உள்விழி திறந்திருந்ததோ என்னவோ, கேமராவை மூடிவிட்டார்.

"அப்போ அந்த 260?" என்றார் டாக்டர் மெதுவாக.

"நான் கை தவறி அடிச்சது டாக்டர்."

அவர் தன் தோள்பட்டையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். இருக்கிறதா என்று.

ஐந்தே நிமிடத்தில் குழுவில் ஒருவர் எழுதினார்: "இவர் போனா போகட்டும். வேற நல்ல ஆள் யாராவது தெரியுமா?"

அழைப்பைத் துண்டித்தேன். அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிலந்திக்கு ஆறு காலுன்னு என் பொண்ணு வந்து சொன்னாளாமா?"

"ஆமா அத்தை."

"மூணாங்கிளாஸ்ல டீச்சர் ஆறுன்னு சொன்னாங்கன்னு, தீப்பெட்டியில சிலந்தியைப் பிடிச்சுட்டுப் போயி எண்ண வச்சவ அவ. செத்தாலும் ஆறுன்னு சொல்ல மாட்டா."

எனக்குத் தெரியும். மனைவி சொல்லியிருக்கிறாள். அதனால்தான் அந்தக் கேள்வியைப் போட்டேன்.

அவர் எழுந்துபோய் ஆஸ்பத்திரிப் பையை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு மாப்பிள்ளை?"

"ஏழு."

துண்டை மடித்து வைத்தார். மறுபடி எடுத்தார். மறுபடி மடித்தார்.

"அவ கடைசியா நிஜமா என்ன சொன்னா?"

எட்டு மாதமாக யாரும் என்னைக் கேட்கவில்லை. அவரவர் தங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டார்கள். அன்று சனிக்கிழமை. மறுநாளுக்கு நான் தயார் செய்த கேள்விகளையும் விடைகளையும் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். கண் மூடியிருந்தது. தூங்கிவிட்டாள் என்று காகிதத்தை மடித்தேன். அப்போது சொன்னாள். அதை அப்படியே அத்தையிடம் சொன்னேன்.

"ஏழாவது விடை தப்பு மாதிரி இருக்கு. நான் சொல்றேன்னு நம்பாத, நீயே ஒரு தடவை பாரு."