போகிற இடத்தையெல்லாம் வீட்டில் கட்டுகிறவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு: எதைப் பார்த்தாலும் அதைத் தன் வீட்டில் வைத்துக் கட்டிவிடத் துடிக்கிற இனம். ஹோட்டலுக்குப் போனால் இலையைப் பார்க்காது, கூரையைப் பார்க்கும். துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் டைல்ஸைத் தட்டிப் பார்க்கும். நீங்கள் பார்க்காத ஆளா?

அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு மருந்துக்கடைக்காரரின் சொந்த வீடு அப்போது பாதி எழும்பி நின்றது. மனைவி கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: அடுப்பங்கரையில் பெரிய ஜன்னல். வாடகை வீட்டுப் புகையில் வருஷக்கணக்காகக் கண்ணைக் கசக்கியவர். இவரும் தலையாட்டியிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தானா இருவரும் ஊர்க்கோடியில் இருந்த பழைய பிரபு குடும்பத்து மாளிகையைச் சுற்றிப் பார்க்கப் போக வேண்டும்?

வாசலில் கோட்டைக் கதவு, அதற்கு மேல் கூரிய வளைவு, உள்ளே பீப்பாய் பீப்பாயாய்த் தூண்கள், மூலையில் உருண்டைக் கோபுரம், மாடியில் கண்ணாடி வராந்தா, எல்லாவற்றுக்கும் உச்சியில் வெங்காயத்தை உட்கார வைத்த மாதிரி ஒரு கும்மட்டம். நம்மவருக்கு மூச்சு முட்டியது. அளக்கிற டேப்பை எடுத்துவிட்டார். வெளியூர் போனாலும் அது பையில் இருக்கும்.

சுற்றிக் காட்டியவர் அந்தக் குடும்பத்தின் கடைசி வாரிசான அம்மாள். ஒவ்வொரு தலைமுறையும் எங்கேயோ எதையோ பார்த்துவிட்டு வந்து ஆளுக்கொன்றாக ஒட்டவைத்ததுதான் இந்த மாளிகை என்றார். தாத்தாவின் கோபுரம் அப்பாவின் அறைக்கு வெளிச்சத்தை அடைத்ததாம். அப்பாவின் வராந்தா மழைத்தண்ணீரைக் கூடத்தில் இறக்கியதாம்.

"அப்ப நீங்க எங்க இருக்கீங்க?" என்று மனைவி கேட்டார்.

"பின்னாடி, வண்டி நிறுத்துற கொட்டகையில. அது ஒண்ணுதான் ஒழுகாது. அதை அழகுபடுத்தணும்னு யாருக்கும் தோணல."

மனைவி கணவரைப் பார்த்தார். கணவர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் குறுக்களவு என்ன இருக்கும் என்று அந்த அம்மாளிடமே விசாரித்தார்.

மறுநாள் கொத்தனாருக்கு உத்தரவு போயிற்று: அடுப்பங்கரை மூலையில் உருண்டைக் கோபுரம். ஜன்னல்? உள்ளே இருக்கிறவர்களுக்கு வெளிச்சம் கொஞ்சம் குறையலாம், தெருவில் போகிறவர்களுக்கு எவ்வளவு அழகு என்று மனைவிக்கு விளக்கினார்.

மனைவி சண்டை போடவில்லை. குடிபோன அன்றே அடுப்பைக் கொண்டுபோய்க் கூடத்து ஜன்னலோரம் வைத்தார். கணவருடைய சாய்வு நாற்காலியைத் தூக்கி, இருண்ட அடுப்பங்கரைக்குள் போட்டார்.

"நீங்க ஆசைப்பட்டுக் கட்டினது. நீங்களே இருந்துக்குங்க."

இப்போது நம்மவர் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு அதற்குள் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். புத்தி வந்ததா? மேலே ஒரு கும்மட்டம் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்து போய், உங்கள் வீட்டு முகப்பில் நிற்கும் அந்த இரண்டு தூண்களும் எதைத் தாங்குகின்றன என்று ஒரு தரம் அண்ணாந்து பாருங்கள்.